வராத தறிக்கு வெட்டிய குழி

அன்பு ஏழுமலைக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நம் பள்ளி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் நீ ஒரே வீச்சில் போடும் வட்டம், கணக்கு வராத பிள்ளைகளைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கூப்பிட்டு உட்காரவைப்பது, எல்லாம் எழுதி, நல்லெழுத்தில் பிரதி எடுத்து, மேலே ‘நட்புக்கு ஒரு இலக்கணம்’ என்று தலைப்பும் போட்டிருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதம்.

முதலில் எழில் பற்றிச் சொல்கிறேன். அதைத்தான் நீ கேட்பாய். உன் மகள் நன்றாக இருக்கிறாள். செய்யாரில் அதே ஷூ கம்பெனி அலுவலகத்தில்தான் வேலை. நீ கையெழுத்துப் பிரதியாக மட்டும் பார்த்த நாவல் அச்சாகி, இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. பிழை திருத்தியது நான். அப்படியும் இரண்டு பிழைகள் தப்பிவிட்டன, இன்னும் உறுத்துகிறது.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் வந்தாள். அடுத்த நாவலுக்கு மூன்று கதைகள் வைத்திருக்கிறாளாம். எதை எடுப்பது என்று தெரியவில்லை. பதிப்பகத்தில் மாசக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் புரியல பெரியப்பா, ஒரு மாசமா குழம்பிகினு இருக்கேன், நீங்க சொல்லுங்க" என்றாள். என்னைப் போய்க் கேட்கிறாள் பார். ஓட்டலுக்குப் போனால் என்ன சாப்பிடுவது என்று நீதானே எனக்கும் சேர்த்துச் சொல்வாய்?

முதல் கதை, வெம்பாக்கம் பக்கத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ். அதில் தினமும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகும் ஒரு பெண் ஒருநாள் வரவில்லை. அவள் இடத்தில் யாரும் உட்கார மறுக்கிறார்கள். இரண்டாவது, ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்தில் நம் ஊர்க் கோட்டையில் துபாஷியாக இருந்த ஒருவன், இரண்டு தரப்புக்கும் வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்த்தே ஒரு சண்டையை நிறுத்தியது.

"மூணாவது நம்ம கதை" என்றாள்.

நீ அவளுக்குச் சொன்ன கதைதான் அது. நெசவாளர்கள் வாழும் ஒரு தெருவில் ஒரு குடும்பம், காலனியிலிருந்து வந்த இளம் வாத்தியாருக்கும் அவர் புது மனைவிக்கும் தங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்கு விடுகிறது. அந்தக் காலத்தில், அந்தத் தெருவில். எட்டு மாதம் கழித்து அந்த அறையில் தறி போட வேண்டிவருகிறது. வாத்தியார் முகம் சுளிக்கவில்லை. நெய்கிறவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியை, நண்பனோடு சேர்ந்து தன் கையாலேயே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தத் தறியின் முதல் புடவை யாருக்குப் போகிறது என்பதோடு கதை முடியும். சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. உன் முகம் அது. அந்த முதல் புடவை என்ன நிறம், கரை என்ன என்று மட்டும் நான் சொன்னால் போதுமாம்.

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். முழுநீளத் தாளில் கட்டம் போட்டேன். கரு, பாத்திரங்கள், புதுமை, நம்பகம் என்று நான்கு தலைப்பு, தலைப்புக்கு இருபத்தைந்து மதிப்பெண். பஸ்ஸுக்கு எழுபத்தெட்டு, துபாஷிக்கு எழுபத்தொன்று, நம் கதைக்கு நாற்பத்தாறு. முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். வேண்டுமென்றே மதிப்பெண் குறைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு வந்து தாளைப் பார்த்தவள் முதலில் சிரித்தாள். "பரவால்ல, எங்கப்பாவுக்குப் பாஸ் மார்க்கு போட்டுட்டீங்களே" என்றாள். அப்புறம் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, நம்பகம் என்ற இடத்தில் நிறுத்தினாள். அங்கே இருபத்தைந்துக்கு நான்கு போட்டிருந்தேன்.

எது நம்பும்படி இல்லை என்று கேட்டாள். பொதுவாகச் சொன்னேன், அந்தக் காலத்தில் அவ்வளவு சுமுகமாக நடந்திருக்காது என்கிற மாதிரி. அப்பா நடந்ததைத்தானே சொன்னார், நீங்களும் அங்கே இருந்தீர்களே என்றாள்.

"சரி, அந்தப் புடவை இன்னா கலரு? அதையாவது சொல்லுங்க. அம்மாவக் கேட்டா, 'உங்க பெரியப்பாவையே கேளு'ன்னுட்டு எழுந்து போய்ட்டாங்க."

சரோஜா அப்படிச் சொன்னாள் என்றதும் என்னால் மேற்கொண்டு சமாளிக்க முடியவில்லை.

"தறியே வரலம்மா" என்றேன்.

ஏழுமலை, உன்னிடம்தான் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ உயிரோடு இருந்த ஏதாவது ஒரு நாளில். ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலியில் எத்தனை ஆயிரம் நாள் உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்த எட்டாம் மாதம் ஒருநாள், தெருவிலிருந்து மூன்று பேர் வந்து அப்பாவோடு பேசினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைய வேற எடம் பாத்துக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. முடியாது என்று நான் சொல்லவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்பது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது. தறி என்ற காரணத்தைக் கண்டுபிடித்தது நான். நெசவாளர் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. அறையைத் தறி கேட்டால் மனுஷன் எழுந்துகொள்ள வேண்டியதுதான். வாழ்க்கையில் நான் இட்டுக்கட்டிய ஒரே கதை அது. நம்பும்படி இருக்க வேண்டுமே என்று, நீ கிளம்பும் முன்பே குழி வெட்டவும் ஆரம்பித்தேன். எதையும் முறையாகச் செய்கிறவன் இல்லையா.

நீங்கள் கிளம்பும் ஞாயிறு. சாமான் எல்லாம் கட்டி வாசலில் இருந்தது. மாட்டுவண்டி வர நேரமானது. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை வாங்கினாய். "தள்ளுடா, உனக்குச் சாக்பீஸ் பிடிக்கவே தெம்பு கெடையாது" என்றாய். தொடையளவு ஆழம், நான்கு பக்கமும் கோணலில்லாமல், கணக்கு வாத்தியார் வெட்டிய குழி. அப்பா கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேலே ஏறி வந்து மண் கையோடு சொன்னாய், "மொதப் புடவை என் பொண்டாட்டிக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று. நான் சிரித்தேன். தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த சரோஜா சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் குழியை மண் போட்டு மூடினேன். அதற்கடுத்த மாதம் அப்பாவின் தூரத்துச் சொந்தம் ஒருவர் அந்த அறைக்குக் குடிவந்தார்.

நீ பெரணமல்லூரிலிருந்து பள்ளிக்கு பஸ்ஸில் வர ஆரம்பித்தாய். "தறி வந்துச்சாடா?" என்று கேட்பாய். ஆசாரி இன்னும் மரம் அறுக்கவில்லை என்றேன். இன்னொரு முறை கேட்டாய். நெய்ய ஆள் அமையவில்லை என்றேன். மூன்றாவது முறைக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. ஏன் நிறுத்தினாய்? மறந்துபோனதா? யாராவது சொன்னார்களா? இல்லை, நான்காவது பொய் சொல்லும் சிரமத்தை எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? தெரிந்துகொண்டேதான் அந்தக் கதையை உன் பெண்ணிடம் அப்படி அழகாகச் சொன்னாயா?

மழைநாளில் பஸ் தாமதமாகி நீ ஈரச் சட்டையோடு ஓடிவருவாய். உன் முதல் பீரியடை நான் பார்த்துக்கொள்வேன். அதை நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறாய். எழில் அதையும் குறிப்பெடுத்து வைத்திருக்கிறாள், நண்பனின் பெருந்தன்மை என்று.

அவளிடம் இவ்வளவையும் சொன்னேன். விட்டு விட்டு, திக்கித் திக்கி. முடிந்ததும் என் மதிப்பெண் தாளை நான்காக மடித்து என் பக்கமே தள்ளினாள். எழுதப்போகிறாள், என் பெயரோடு எழுதப்போகிறாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

"நான் பஸ்ஸையே எழுதறேன்" என்றாள்.

நீயாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாய். நான் ஏன் என்று கேட்டேன்.

"இதை நான் எழுதினா படிக்கிறவங்க எங்கப்பாவைப் பாத்து அய்யோ பாவம்னுவாங்க. அவரு அப்படி ஒருநாளும் இருந்ததில்ல. அவர் வெட்டினது ஒரு குழி, அது நல்லா வெட்டினாரு, அவ்ளோதான். மிச்சம் எல்லாம் உங்க கதைங்க. அதை நான் எதுக்கு எழுதித் தரணும்? நீங்க படிச்சவரு, நீங்களே எழுதிக்குங்க சார்."

பிறந்ததிலிருந்து என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்ட பெண். நீ சொல்லிக்கொடுத்த முறை. கதவு வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வரேன் என்று சொல்லவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். என் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. பஸ் நாவலைப் பாதி எழுதிவிட்டதாகக் கேள்வி. பிழை திருத்த வேறு யாரையோ பார்த்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை என் மகன் படித்தான். "அந்தப் பொண்ணே வாணாம்னுட்டுப் போய்டுச்சு, நீங்க எதுக்குப்பா கெளறிகினு இருக்கீங்க? பாப்பாவுக்கு வரன் பாத்துகினு இருக்கோம். தெருப் பேரையாவது எடுத்துடுங்க" என்றான். எடுத்துவிட்டேன். பார், இந்த வயதிலும், இந்தக் கடிதத்திலும். ஆனால் என் பெயரை எடுக்கச் சொன்னதற்கு மட்டும் முடியாது என்றேன். அவன் வியந்துபோனான். எனக்குமே வியப்புதான். வீட்டில் அந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை.

ஒன்று செய்வதாக உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பெரணமல்லூர் வந்து, இதைச் சரோஜாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டுவேன். குரல் நடுங்கும், தெரியும். நடுவில் ஒரு வரியையும் விட்டுப் படிக்க மாட்டேன். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாலும், வசவாக இருந்தாலும், ஒரு எழுத்து மாற்றாமல் என் கையெழுத்துக்குக் கீழே சேர்த்து அச்சிடச் சொல்வேன். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் என் பெயருக்குக் கீழே ஒன்றும் இருக்காது.

உன் மகள் பெரியப்பா என்று கூப்பிட்டுவந்த,
சபாபதி
ஆரணி