செப்பம் கண்ட ஆம்பலூர் ஓலை

மழை பிழையாதிருக்க, மன்றில் பொய் ஏறாதிருக்க. மன்னர் போர்மேற் சென்றிருக்க, வெண்கோட்டு நாட்டின் முத்திரை காக்கும் அரசன்னை நங்கைபரமி, நம் ஓலைநாயகம் நக்கன் அரையருக்கு விடுக்கும் ஓலை. நும் மண்டபமும் எழுத்தரும் நலமே இருப்பர் என்று அறிவோம். நலமில்லாதவர் ஆம்பலூரார்.

ஏரிக்காவலன் கூத்தன் வேம்பன் கரையின் பிளவை அறிவியாது நாற்பத்தொரு உயிரை நீருக்குக் கொடுத்தான் என்றும், அவனைக் கழுவேற்ற நம் முத்திரை வேண்டும் என்றும் எழுதினீர். இடுமுன் அவனைச் சிறையினின்று அழைத்துக் கேட்டோம். ஓலை விடுத்ததாகச் சொன்னான். வந்ததைப் படித்துக் காட்டினோம்: ஏரி நிறைந்தது, குடிகள் மகிழ்ந்தனர் என்று இரண்டே வரி, ஓரத்தில் ‘செப்பம் கண்டது’ என்ற நும் குறி. அவன் எழுத்தைப் பார்க்கவில்லை, அகலத்தைப் பார்த்தான். "நான் விட்டது ரெண்டு விரல் அகலம், தாயே. இது ஒரு விரல்தானே இருக்கு."

எழுதிய ஓலையைச் சுடலாகாது என்று, அறுத்த நறுக்குகளைப் பானையிலிட்டு ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது நும் மண்டபத்து வழக்கமன்றோ? பானையைக் கொணர்வித்தோம். அதில் கிடந்தது: மேலைக்கரையில் ஆள் நுழையும் பிளவு, கரைமேல் எவரையும் ஏற்ற வேண்டா.

நும்மை வினவினோம். கலக்கம் தரும் சொல்லை நீக்குதலே செப்பம் என்றீர். போர்க்காலத்தில் அரசன்னையின் மனம் நோகலாகாது என்றீர். நன்று. மனம் நோகாமல் மகிழ்ந்து, நிறைநீர் விழாவுக்கு முரசறையச் சொன்னோம். ஊரார் பொங்கற்பானையோடு கரையேறியது அந்த முரசைக் கேட்டுத்தான்.

நாம் இந்நாட்டுக்கு மருமகளாய் வந்த நாளில், செப்பம் என்றால் பூச்சி தின்ற ஓரத்தை ஒழுங்காக்குதல், மங்கிய எழுத்துக்கு மை தடவுதல். காவலன் நாவைக் கத்தியால் அறுப்பதற்கும் அதே பெயரா? அறுத்ததை அறுத்தோம் என்றெழுத நும் எழுத்தாணிக்கு என்ன கூச்சம்?

ஆகவே ஆணை. வேம்பனை இவ்வோலை கண்ட நாழிகையே விடுவிப்பீர். இனி ஒரு சொல்லை நீக்கினாலும் ஓரத்தில் ‘அறுத்தோம்’ என்றெழுதி, அறுத்தவர் பெயரிட்டு, நறுக்கையும் உடன் கோத்தே அனுப்புவீர். உமக்குக் கழு இல்லை. ஆம்பலூர் சென்று, இழவு விழுந்த ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று அந்த நறுக்கைப் படிப்பீர். விழா எடுக்கச் சொன்னவள் நாமே என்பதையும் சொல்லுவீர். எவரேனும் நம்மை வைதால், வைததை வைதவாறே எழுதி விடுப்பீர்.

இம்முத்திரை நம் கையால் இட்டது.