அலை விட்டுவைத்தவள்

2011 ஜூன் 12, ஹேடோ
மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் வந்ததால் நாள் முழுக்கத் துறைமுகக் கிரேனிலேயே இருந்தேன். சாம்பாரில் என் மனைவி ரெங்கம்மா சர்க்கரையைப் போட்டுவிட்டாள். இருவரும் சிரித்தோம்.

ஜூலை 3
குழாயடியில் விழுந்தாள். இது மூன்றாவது தடவை. கை தானாக வெட்டி இழுக்கிறது. "டென்ஷன்தான்" என்கிறார் டாக்டர். என்ன டென்ஷன் இவளுக்கு?

ஆகஸ்ட் 9, சென்னை
ஸ்கேன் பார்த்த டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். வாயில் நுழையவில்லை. "மூளை வேகமா அழிஞ்சிட்டு வருது. மருந்து கிடையாது. சில மாசம்தான்." எப்படி வந்தது என்று கேட்டேன். "தெரியாதுங்க. லட்சக்கணக்கானவங்கள்ல ஒருத்தருக்கு வரும்."

பிறந்த ஊரான ஹட் பே தீவில் சுனாமி அன்று தென்னையைக் கட்டிக்கொண்டு பிழைத்தவள். அலையே விட்டுட்டுப் போச்சே இவளை. இதுக்குத்தானா?

செப்டம்பர் 1, ஹேடோ
வேலை முடிந்து வந்தேன். "யாருங்க? எங்க வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருக்காரு. அவர் வந்ததும் வாங்க" என்றாள், மரியாதையாக. வெளியே போய்ச் சற்று நின்றேன். திரும்ப உள்ளே வந்து, "வந்துட்டேன்" என்றேன். சிரித்தாள்.

செப்டம்பர் 20
பேச்சு நின்றுவிட்டது.

அக்டோபர் 8
பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வாசலிலேயே நின்று, "யே பீமாரி ஃபைல்தா ஹை க்யா?" என்றார். பரவாது என்றேன். நம்பவில்லை. யாரும் வருவதில்லை இப்போது.

அக்டோபர் 19
விடியும்போது போய்விட்டாள்.

ஹட் பேயில் இருக்கும் அவள் தங்கை தங்கம்மாவுக்குப் போன் செய்தேன். கடல் சரியில்லை, கப்பல் எடுக்கவில்லையாம். தெருப் பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். குளிப்பாட்ட ஒருத்தரும் உள்ளே வரவில்லை. நானே வெந்நீர் வைத்தேன். சூடு அதிகமோ என்று கையை விட்டுப் பார்த்தேன் – யாருக்குச் சுடப்போகிறது?

புடவைக் கொசுவம் வைக்கத் தெரியவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். அப்போது அந்த வங்காளி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஹட்டோ பையா" என்று என்னை விலக்கிவிட்டுத் தானே கட்டினார். அழுதுகொண்டேதான் கட்டினார்.

அக்டோபர் 22
தங்கம்மா இன்றுதான் வந்து சேர்ந்தாள். முகம்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை அவளுக்கு. அழுது ஓய்ந்தபின் கேட்டாள்: "அக்கா கடைசியா என்னைய கேட்டுச்சா மச்சான்?"

"கேட்டா. உன் பேரைத்தான் சொல்லிட்டே இருந்தா."

அந்தப் பொய்யில் கொஞ்சம் அடங்கினாள். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.

என்னைக் கேட்டாளா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?