கடல்பாசியில் முளைத்த கிணற்றடி மரம்

மாப்ளே,

இன்று நோன்பு திறந்த கையோடு உன் மகள் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கடல்பாசி. பாலில் காய்ச்சி, சீனி போட்டு, உறையவைத்து, கத்தியால் துண்டு போட்டது. "மாமா, அம்மா குடுத்துவிட்டாங்க" என்று மூடியை எடுத்தாள். அந்த லேசான கடல் வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நம்மூர் மலைக்கோட்டை அப்படியே பெயர்ந்து வந்து என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மிகைப்படுத்துகிறேன் என்பாய். என்னைத் திருத்தத்தான் நீ இல்லையே.

உலகத்தில் எல்லாருக்கும் கடல்பாசி தின்பதற்கு. உனக்கு மட்டும்தான் அது விவசாய நிலம்.

எங்கள் தோட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். சிறுமலை அடிவாரத்தில் எலுமிச்சை மரங்கள். அப்பா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் எங்கள் அத்தனை வயிற்றையும் நிரப்பியது அவைதான். எல்லாம் கிணற்றடி மரத்திலிருந்து பதியம் போட்டு அம்மா தன் கையால் பெருக்கியவை. அந்த மரத்துப் பழத்தை இங்கே நறுக்கினால் அய்யலூர்ச் சந்தையில் ஆடுகள் தும்மும் என்று நான் சந்தையில் கூவி விற்பேன். நீ பக்கத்தில் நின்று, "ஆடு மட்டுமில்ல, ஆடு வாங்க வந்தவனும் தும்முவான்" என்பாய். கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் பேசுகிற பேச்சா அது?

பிறகு அந்த நோய் வந்தது. கொம்பு நுனியில் தொடங்கி, இலை மஞ்சளாகி, மேலிருந்து கீழே காய்ந்துகொண்டே இறங்கியது. ஒவ்வொரு மரமாக விறகானது. கிணற்றடி மரத்தின் உச்சியும் காயத் தொடங்கியபோது அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பசியில்லை என்பாள்.

நீ வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கியது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"அத்தை, நோய் கொம்புல இருக்கு, இலையில இருக்கு. பதியம் போட்டா அதுவும் கூடவே வரும். சும்மா விதை போட்டா எது தாய், எது கலப்புன்னு தெரியாது. ஆனா பிஞ்சு விதைக்குள்ள தாயோட சதை ஒரு பொட்டு இருக்கு. அதுக்குள்ள நோய் நுழையாது. அந்தப் பொட்டை எடுத்துக் கண்ணாடிக் குழாயில வளத்தா இதே மரம் நோயில்லாம திரும்பி வரும்."

"மண்ணு வேண்டாமா அப்பு?"

"கடல்பாசிதான் மண்ணு. சீனியும் இளநீரும் எரு. இன்னும் கொஞ்சம் உப்புச் சரக்கு இருக்கு, அது என் பாடு."

அம்மா முகவாயில் கை வைத்தாள். "அப்ப அது மரமில்லலே, நோன்புப் பலகாரம்" என்றாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சாயங்காலம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கல்லூரியில் இதற்கெல்லாம் இடமில்லை என்றுவிட்டார்கள். அதனால் எங்கள் வீட்டு மாடி அறை இந்திய நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சிக்கூடமாகப் பதவி உயர்ந்தது. கருவிகள்: ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, உன் வீட்டு அடுப்படியிலிருந்து நீ தூக்கிவந்த கடல்பாசி. குழாய்களைப் பஞ்சால் அடைத்துக் கொப்பரையில் அவித்தாய். கையை முழங்கை வரை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ஊசி முனையால் அந்தப் பொட்டைத் தோண்டி எடுத்தாய். மூச்சுவிடக்கூட என்னை அனுமதிக்கவில்லை. "மச்சான், உன் மூச்சுல ஊர்ப்பட்ட பூஞ்சை இருக்கு. ஒண்ணு உள்ள விழுந்தாலும் போச்சு." நான் சோழவந்தானில் போய் மூச்சு விட்டுவிட்டு வந்தேன்.

மதுவிலக்குக் காலம் அது. மாடியில் கொப்பரை ஆவி, தெருவெல்லாம் ஸ்பிரிட் வாடை. ஏட்டையா மோப்பம் பிடித்து ஏறி வந்துவிட்டார்.

"என்னய்யா காய்ச்சுறீங்க?"

"எலுமிச்சங்கன்னு" என்றாய் நீ.

"கன்னைக் காச்சுவாங்களா? யாருகிட்ட கதை விடுற?"

நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஏட்டையா, இது ராஜாங்க ரகசியம். டில்லியில கேட்டுட்டுத் தொடுங்க" என்றேன். நீ என் காலை மிதித்தாய். அவர் ஒரு குழாயை விளக்கில் பிடித்து அரை நாழிகை பார்த்தார். உள்ளே கடுகளவு பச்சை. "உசிரு இருக்குய்யா இதுல" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சரக்கைப் பிடிக்க வந்தவர் சாமி கும்பிட்டவர் மாதிரிப் போனார்.

அந்த அறைக்கு நான் என் பூட்டுப் பட்டறையில் ஒரு பூட்டுச் செய்தேன். திப்பு சுல்தான் கோட்டைக்குக்கூட அப்படிப் பூட்டு வாய்த்திருக்காது. யானை வந்து இழுத்தாலும் தும்பிக்கைதான் கழலும். யாரும் உள்ளே போகக் கூடாது என்று நீ கட்டளை போட்டாய். சாவி மட்டும், வீட்டு வழக்கப்படி, அம்மா இடுப்பில்.

ஆயுத பூஜை வந்தது. நான் பட்டறையில் அரத்துக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். லீவு நாளிலும் நீ கல்லூரியில். சாயங்காலம் நாம் இருவரும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"உங்களுக்கெங்க நேரம்? நானே எல்லாத்துக்கும் பூசை போட்டுட்டேன். மாடியிலயும் போட்டேன்லே. பாவம், பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்ல? பஞ்சை எடுத்து, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சிட்டிகை திருநீறு போட்டு, மறுபடி பத்திரமா அடைச்சுட்டேன். சந்தனம், குங்குமம், பூ, எல்லாம் வச்சாச்சு."

நீ மாடி ஏறினாய். நான் பின்னால் வந்தேன். குழாய்கள் வரிசையாக, நெற்றியில் பொட்டு வைத்த கல்யாணப் பெண்கள் மாதிரி நின்றன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய்.

சில நாளில் பூஞ்சை பூத்தது. குழாய்க்குள் வெள்ளைப் பஞ்சு, அதன்மேல் கறுப்புப் புள்ளி, அதற்கடியில் அந்தக் கடுகளவு பச்சை அழுகிக் கரைந்தது. நான் கத்தத் தயாராக இருந்தேன். நீ என் வாயைப் பொத்திவிட்டுக் கீழே இறங்கினாய். அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அப்பு, பிள்ளைக எப்படி இருக்கு?"

தலையைக் குனிந்துகொண்டு, கால் பெருவிரலைப் பார்த்தபடி சொன்னாய். "வாடிப்போச்சு அத்தை. வெயிலு. ஓட்டுச் சூடு இறங்கிருச்சு."

"நான் வேண்டிக்கிட்டேனே அப்பு."

"அதனாலதான் அத்தை ஒண்ணு மிஞ்சிச்சு."

ஒன்று மிஞ்சியது உண்மைதான். அலமாரி மேல்தட்டின் மூலையில், அவள் கைக்கு எட்டாமல், திருநீறு விழாமல் நின்ற குழாய். அதை அவளுடைய வேண்டுதலின் கணக்கில் எழுதிவிட்டாய். அவ்வளவு பெரிய புளுகை நான் என் வாழ்நாளில் விட்டதில்லை மாப்ளே, விடவும் தெரியாது.

அந்தக் கன்றைக் கிணற்றடியில் வைத்தபோது பழைய மரம் முழுக்கக் காய்ந்திருந்தது. அம்மா தினமும் ஒரு குடம் ஊற்றினாள். விதைக்குள்ளிருந்து வந்ததால் முள் அதிகம், காய்க்க வருஷக்கணக்காகும் என்றாய். "வரட்டும், எனக்கென்ன அவசரம்" என்றாள். மரம் பிழைத்துவிட்டது என்ற நம்பிக்கையோடுதான் அவள் போனாள். பூவைக்கூடப் பார்க்கவில்லை.

நீயும் பார்க்கவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாய். நான் வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். உன் கண் மஞ்சளாகக் கிடந்தது. "என்னலே இது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாய். "வெயிலு, மச்சான்" என்றாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது எழுதவந்த விஷயத்தை எழுதுகிறேன். போன மாசம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். உன் மரம் ஆள் உயரம் தாண்டி நிற்கிறது. முதல் பூ எடுத்திருந்தது. நான் அதன் முன்னால் நின்று அரசவைப் புலவன் மாதிரிக் கை தூக்கி ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உச்சிக் கொம்பைப் பார்த்தேன். மஞ்சள். நுனி காய்ந்திருக்கிறது. நோயில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் வெளிக்காற்றில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. சுற்றியிருக்கிற தோட்டமெல்லாம் அதே நோய்தான், எப்படி ஒட்டாமல் இருக்கும்? நேற்றுப் போனபோது பூ உதிர்ந்து, பாதி மரம் வரை காய்ந்து இறங்கியிருந்தது. பிஞ்சு ஒன்றுகூட இல்லை, எடுத்துக் கொடுக்க. கொடுத்தாலும் வாங்க நீ இல்லை. எனக்குப் பூட்டுத்தான் செய்யத் தெரியும்.

உன் மகள் இன்று கேட்டாள். "மாமா, அத்தா வச்ச மரம் காய்ச்சுதா?"

"காய்ச்சுதாவா? கொம்பு தாங்காம முட்டுக் கொடுத்திருக்கேன் தாயி. அதோட நிழல்ல சிறுமலையே படுத்துத் தூங்குது" என்றேன். அவள் எப்படியும் கேட்பாள் என்று காலையில் கடைவீதியில் வாங்கிவைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "முதல் பழம். உனக்குத்தான்."

சந்தையில் நாள்கணக்கில் கிடந்து தோல் சுருங்கிய பழம். நானே மோந்து பார்த்திருந்தேன், மணம் என்று ஒன்று அதில் கிடையாது.

அவள் இரண்டு கையாலும் வாங்கி மூக்கருகே பிடித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கால் பெருவிரலைப் பார்த்தபடி சொன்னாள்:

"அம்புட்டு மணமா இருக்கு மாமா."

பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கிப் போனாள். கடல்பாசித் தட்டு இன்னும் என் முன்னால் இருக்கிறது. ஒரு துண்டுகூட இறங்கவில்லை, மாப்ளே.