நான் சொல்லாத விசிறிச் சத்தம்

அக்கா,

கடுகண்ணாவைக்கு மேலே ஒரு புதுத் தேயிலைத் தொழிற்சாலையில் இன்று காலை விசிறி பூட்டி முடித்தேன். கொழுந்து வாட்டும் மாடிக்கான விசிறி. என் உயரத்தைவிடப் பெரியது. தண்ணீர்ச் சக்கரத்தைத் திறந்துவிட்டு அது முழு வேகத்துக்கு வந்ததும் சுவர் வேலை செய்யும் மேசன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

சக்கரத்தை அடைக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கொழுந்து பரப்பும் வெறும் சாக்குத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே உங்களுக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் செத்து மூன்று மாதம் ஆகிறது என்பது எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அங்கம்மா வந்து சொன்னாள். நீங்கள் யாருக்காகக் கோர்ட் ஏறினீர்களோ, அதே அங்கம்மா.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் நான் இஞ்சின் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. கொழும்பில் மூன்று வருடம் இயந்திரம் படித்துவிட்டு வந்தவன். மனிதர் வாயால் சொல்வதைவிட இயந்திரம் காட்டுவதை நம்புகிறவன். நீங்களும் அங்கம்மாவும் வாட்டு மாடியில் ஒரே தட்டுக்கு எதிரும் புதிருமாக நின்று கொழுந்து பரப்புவீர்கள். அவள் புருஷனைப் பறிகொடுத்தவள். உங்களுக்கும் அவளுக்கும் இரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஒரே தட்டு, அவ்வளவுதான்.

அன்று மூன்று பத்துக்குப் பெரிய பெல்ட் அறுந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தோல் வாரால் தைத்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் நின்றாலும் மாடி விசிறி நிற்காது. அது தண்ணீரில் ஓடுவது. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள். படியில் நின்று பலமுறை கூப்பிட்டீர்களாம், எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் வந்து சொன்னீர்கள்: "தம்பி, மேல கதவு உள்ளுக்குப் பூட்டியிருக்கு. அங்கம்மா உள்ளுக்க. டீமேக்கரும் உள்ளுக்க. வாங்க தம்பி."

நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "இருங்க. இந்தப் பெல்ட்டை முடிச்சிட்டு வாறேன்."

நீங்கள் திரும்ப ஓடினீர்கள். நான் தைத்தேன். தையல் ஒழுங்காக வர வேண்டும் என்று இரண்டு துளையை அவிழ்த்துத் திரும்பவும் போட்டேன். கடைசி முடிச்சைப் போட்டபோது, தொழிற்சாலைக்கு அதிகாரியான டீமேக்கர் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தான். "பெல்ட் சரியா?" என்று என் காதருகே குனிந்து கேட்டான். "சரி" என்றேன். மூன்று ஐம்பதுக்கு இஞ்சினை ஓட்டினேன். இரண்டு நேரத்தையும் இஞ்சின் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அங்கம்மாவை நீங்கள் குளிக்க விடவில்லை. கிழிந்த சேலையைத் துவைக்க விடவில்லை. அன்று மாலையே பொலிசுக்கு நாலு கட்டைத் தூரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அவள் சுவரைப் பார்த்தபடி பதில் சொல்ல, நீங்கள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். லயத்து வீட்டில் அவள் மாமியார் சோற்றை வாசலில் கொட்டினாள். ஊரைக் கெடுத்தவள் அங்கம்மாதான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். நீங்கள் அவளை உங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் வைத்துக்கொண்டீர்கள். ஏழு மாதம்.

கண்டிக் கோர்ட்டுக்குப் போன காலையில் பேராதனை ஸ்டேசனில் என்னைக் கண்டதும் நீங்கள் ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள். அங்கம்மா தூணோடு தூணாக நின்றாள். அவள் இரண்டு நாளாகப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றீர்கள். பிறகு குரலை இறக்கிச் சொன்னீர்கள்: "தம்பி, இஞ்சினு நின்னதத்தான் அவுங்க கேப்பாங்க. நீங்க அந்த ஃபேனு சத்தத்தையும் சொல்லிப்புடுங்க. அதக் கேக்க மாட்டாங்க. நீங்களாத்தான் சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. கொழுந்து பரப்புகிறவர் எனக்கு இயந்திரம் சொல்லித் தருவதா? "மெஷினைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க போய் உங்க ஆளைப் பாருங்க" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "தெரிஞ்சதத்தான் தம்பி சொல்லச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

கோர்ட் விறாந்தையில் டீமேக்கரின் ஆட்கள் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை உங்களைப் பார்த்து, "என்னா, ரெண்டு பேரும் பெரஹரா ஊர்வலம் பாக்க வந்தீங்களா?" என்றான். "ஆமாங்க, ஆன வரும்னாங்க. ஒங்களப் பாத்தாச்சு" என்றீர்கள். அவன் ஆட்களே சிரித்தார்கள். அன்று யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது மணி இரண்டே கால். கடை மூடுமுன் டவுனில் ஒரு பேரிங் வாங்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மொழிபெயர்க்க முதலியார் முன்னே வந்தார். தேவையில்லை, எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தேன். டீமேக்கருக்காக வாதாடிய பிரக்கிராசி நல்ல மரியாதைக்காரர். புத்தகத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆம். மூன்றரைக்கு இஞ்சின் ஓடியதா? இல்லை. நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மாடிப்படிக்குக் கீழே. மேலே ஒரு பெண் கத்திய சத்தம் ஏதாவது உங்கள் காதில் விழுந்ததா?

விழவில்லை என்றேன்.

வேறு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்தார். அரசாங்கப் பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் ஒரு தொழிற்சாலையின் உள்ளே எட்டிப் பார்த்திராதவர். இஞ்சின் நின்றால் எல்லாம் நிற்கும் என்று நினைத்தவர். அவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாக்கியம் போதுமாக இருந்திருக்கும். "ஐயா, விசிறி ஓடியது" என்ற ஒரே வாக்கியம். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும், வராததைச் சொல்வது முறையில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மணி இரண்டரை ஆகியிருந்தது. இறங்கிவிட்டேன்.

நான் பேசியதில் உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாய் அசைவதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வெளியே வந்ததும், "என்னா தம்பி சொன்னீங்க?" என்று கேட்டீர்கள். உள்ளதைச் சொன்னேன் என்றேன். முகம் மலர்ந்து என்னைக் கும்பிட்டீர்கள் அக்கா. அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு பேரிங் வாங்கப் போனேன்.

சத்தம் போடவில்லை, ஆகவே சம்மதம் என்று வழக்கைத் தள்ளினார்கள். முதலியார்தான் உங்களுக்குத் தமிழில் சொன்னாராம், யாருடைய சாட்சியால் தள்ளுபடி ஆனது என்பதையும் சேர்த்து. மறுவாரம் உங்கள் இருவருக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். மூட்டையோடு தொழிற்சாலை வாசலில் நின்று, என்னை வெளியே கூப்பிட்டீர்கள். வைவீர்கள் என்று நினைத்தேன். "நீங்க பொய் சொல்லல தம்பி. பொய் சொல்லியிருந்தா பிடிச்சிருப்பாங்க" என்றீர்கள். ஃபேன் சங்கதியைக் காகிதத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டீர்கள். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. தோட்டத்துத் துரை என் சம்பளத்தைக் கூட்டியிருந்தார். எதற்கு என்று நான் விசாரிக்கவில்லை.

மேட்டுத் தோட்டங்கள் எதிலும் உங்களைச் சேர்க்கவில்லையாம். கீழே இறங்கி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினீர்களாம். மலையில் உங்களைத் தொடாத மலேரியா அங்கே தொட்டது. ஒன்பது நாள் காய்ச்சல். இதை அங்கம்மா கண்ணீர் விடாமல் சொன்னாள். அழுவதற்காக அவள் என்னைத் தேடி வரவில்லை.

அதே மாடி, அதே டீமேக்கர், இப்போது இன்னொருத்தி. அங்கம்மா அவளை ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சேலையைத் துவைக்க விடவில்லை. "அக்கா இருந்தா அதுதான் வந்திருக்கும். இல்ல. அதான் நா வந்தேன்" என்றாள். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எழுத வேணாங்க. வந்து சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு வெளங்கணும்."

வருகிற வியாழக்கிழமை. அதே பிரக்கிராசிதான் வருவார். என் பழைய சாட்சியத்தை எடுத்து வாசிப்பார். அன்று உண்மையா, இன்று உண்மையா என்பார். இரண்டும் உண்மைதான் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாமல் போனால் அந்தப் பெண்ணுக்கும் என்னால்தான் கெடும்.

இதை எழுதும்போதே ஒருமுறை எழுந்து விசிறியைத் திரும்பவும் ஓட்டச் சொன்னேன். கீழ்ப்படியில் மேசனை நிறுத்திவிட்டு, மாடிக் கதவுக்குள் நின்று, நெஞ்சு வலிக்க "அக்கா" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. மூன்று முறை. நேரத்தையும் தூரத்தையும் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமை அதைக் கொண்டு போவேன்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதைப் பற்றி என்னிடம் யாரும் விசாரிக்கப் போவதில்லை. ஆனாலும் அங்கம்மாவின் முகத்துக்கு நேரே, தமிழில், அதையும் சொல்வேன். அந்தத் தோட்டத்து வாட்டு மாடிக்கு இருபத்திரண்டு படி. நீங்கள் தோளைப் பிடித்தபோதே பெல்ட்டைப் போட்டுவிட்டு எழுந்திருந்தால், அரை நிமிடம்.