உன் சரணம் வருகிற இடம்

காக்ஸ் டவுன், பெங்களூர்
12 ஆகஸ்ட் 1963

அன்பு மகள் டோரதிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தம்பி சிரிலும் ஏதோ எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், லண்டனில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சுகம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தந்தி கிடைத்ததும் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் போய்த் தனியாக அழுதேன் என்று எழுதியிருந்தாய். அழுவதற்கு ஒரு மடிகூட இல்லாத ஊருக்கு உன்னை அனுப்பிவிட்டோமே. அப்பா கடைசியில் கஷ்டப்பட்டாரா, என்னைத் தேடினாரா, ஒளிக்காமல் எழுது என்று கேட்டிருக்கிறாய். தந்தியில் அதையெல்லாம் எழுத முடியுமா. இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்து பேச்சும் அடைத்துப்போனது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த மனுஷன் சுவரில் மாட்டியிருந்த கிடாரைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாகவே இருந்தார். பார்க்கச் சகிக்காமல் சிரில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்தான், அப்பா வாசிக்கிற சினிமாப் பாட்டெல்லாம் அதில் வருமே, கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று. நல்லதுதான் நினைத்தான் பிள்ளை. ஆனால் ரேடியோப் பாட்டும் உங்கப்பா பாட்டும் ஒன்றா? அங்கே வயலினும் டிரம்மும் கூட்டமாகச் சேர்ந்து குதிக்கிற பாட்டை இவர் ஒற்றைக் கிடாரில் தாலாட்டு மாதிரி இழுப்பார். பக்கத்துத் தெரு ஓஸ்வால்ட் கல்யாணத்தில் ஆடுவதற்கென்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்த பையன்களெல்லாம் இவர் வாசிப்பைக் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, மறந்துவிட்டாயா. ஏங்க, ஊரே ஓடுற பாட்டுல நீங்க மட்டும் ஏன் நொண்டுறீங்க என்று நானே கேட்பேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் அந்தப் படகுப் பாட்டு வந்தது. முதல் சரணம் அவர் பாடி இரண்டாவதை நீ பாடுவாயே, அதுதான். போர்வைமேல் அவர் இடது கை அசைகிறது, அங்கே கம்பி இருக்கிற மாதிரி விரல்கள் அழுத்தி அழுத்தி மாறுகின்றன. ரேடியோக்காரன் தடதடவென்று போய்விட்டான், இவர் விரல் பின்னால் நின்றுவிட்டது, கோபம் வந்து கட்டிலைக் குத்தினார். சத்தம் தலைக்கு ஆகவில்லை என்று சிரில் ரேடியோவை அணைத்தான், அதற்கு இன்னும் கோபம். எனக்குப் புரிந்துவிட்டது. தலையணை வைத்து அவரை நிமிர்த்திக் கிடாரை மடியில் வைத்தேன். இடது கை போய்த் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வலது கைக்கு நான். எனக்கு என்ன தெரியும், குழம்பு தாளிக்கத் தெரியும். ஆனாலும் ஒட்டி உட்கார்ந்து, அவர் பிடிக்கிற பிடிக்குக் கம்பிகளை மீட்டினேன். அடுத்த வீட்டு கோவிந்தப்பா எதுவோ உடைந்துவிட்டது என்று ஓடி வந்தார், அந்த லட்சணத்தில் இருந்தது. நான் அவசரப்பட்டால் முறைப்பார். போகப்போக அவருடைய நொண்டி வேகம் என் கைக்கும் வந்துவிட்டது. வார்த்தை வராது, தொண்டைக்குள் ஒரு முனகல், அதுதான் பாட்டு. தினமும் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பார்ப்பார், எனக்கு வேலை போட்டது போட்டபடி. பேஜார் பிடிச்ச மனுஷன் என்று திட்டிக்கொண்டேதான் போவேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரோடு அவ்வளவு ஒட்டி உட்கார்ந்தது அந்த நாட்களில்தான் டோரதி.

முதல் சரணம் முடிந்து உன் சரணம் வருகிற இடத்தில் மட்டும் விரலை எடுக்கமாட்டார். அதே பிடியில் நிற்பார், கண் வாசல் பக்கம் போகும். எனக்கோ பாட வராது, அந்தப் பிடியையே மீட்டிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே அடுத்ததற்குப் போய்விடுவார். தேடினாரா என்று கேட்டாயே, தேடினார். ஒவ்வொரு நாளும் தேடினார், நான் என்ன ஒளிக்க.

அந்தச் சனிக்கிழமையும் ரசஞ்சாதம் கொஞ்சம் சாப்பிட்டார், வாய் துடைத்துவிட்டேன், உட்கார்ந்தோம். உன் இடம் வந்தது, நின்றார். நானும் மீட்டினேன். ரொம்ப நேரம் மீட்டினேன். அவர் விரலில் அழுத்தம் போய்க் கம்பி டொக் டொக்கென்று கேட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை. போதுங்க, அவ லண்டன்ல டூட்டியில இருப்பா, மாத்துங்க என்றேன். மாற்றவில்லை. சிரில் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, வலி இல்லை, என் கண்ணே, அதை மட்டும் நம்பு.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறாதே, நர்ஸ் படிப்பை முடி. ஈரத் தலையோடு படுக்காதே. சிரில் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறான், ராத்திரி ஒரு வாய் அதிகமாகப் போட்டுவிட்டுச் சாப்பிடும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்கிறான். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து நானே சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அங்கே யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உன் சரணத்தை வாய்விட்டுப் பாடிவிடு, மெதுவாக, அவர் வேகத்தில். அந்த மனுஷன் அங்கேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது.

உன் அம்மா,
பவுலின்