கோடு போடாமல் விட்ட காலி இடம்

அம்மா,

முதியோர் இல்லத்திலிருந்து உன் பையைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். இரண்டு நைட்டி, மூக்குக் கண்ணாடி, ஒரு ஃபைல். எல்லாவற்றிலும் டெட்டால் வாடை. ஃபைலின் முதல் தாளே நான் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம்தான்.

முப்பது வருடம் இந்த வடக்கத்தி ஊரில் மத்திய அரசு கிளார்க்காக இருந்தவள் நீ. மந்திர் மார்க் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது, படிவத்தில் காலியாக இருந்த இடத்திலெல்லாம் குறுக்கே கோடு போட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டாய். பின்னால் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு மானம் போனது. "வெறுமனே விட்டா நாளைக்கு எவனாவது எழுதிப்பான்டா" என்றாய்.

நினைவு தப்பத் தொடங்கியதும் முதலில் உன்னை விட்டுப் போனது இந்தி. சாயங்காலம் ஐந்து மணியானால் கதவைத் தட்டி, "பஸ் போயிடும், புள்ள ஸ்கூல்லேர்ந்து வந்துடுவான்" என்று தமிழில் கத்துவாய். இல்லத்தில் யாருக்கும் தமிழ் புரியவில்லை. முரண்டு பிடிக்கிறார், அடக்க மருந்து தரவேண்டும் என்று மேனேஜர் தாளை நீட்டினார். மருந்தின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. "ஜல்தி, ஜல்தி" என்று இந்தியில் அவசரப்படுத்தினார். எனக்கும் ஆபீசுக்கு நேரமாகியிருந்தது. என்ன மருந்து, அது உன்னை என்ன செய்யும், எதையும் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லவும் தோன்றவில்லை.

அப்புறம் வந்தபோதெல்லாம் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வாயோரம் எச்சில். அப்பாடா, அமைதியாகிவிட்டாள் என்று நிம்மதிப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணைத் திறந்து என் சட்டையைப் பிடித்தாய்.

"என்னமோ குடுக்குறாங்கடா. எந்திரிக்க முடியல. நீயா கையெழுத்துப் போட்ட?"

"ஆமாம்மா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் நீ போய்விட்டாய். மாத்திரையா, வயதா என்று கேட்டேன். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

இன்றுதான் அந்தத் தாளை முதல்முறையாகப் படித்தேன். நான் விட்ட காலி இடத்தில் யாரோ மருந்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகூடத் திரும்பப் பெற்றிருக்கலாம், அம்மா. நீ கேட்டாய். நான் பொய் சொன்னேன். என்னை நம்பி நீ சொன்ன அந்த 'அப்ப சரி'யைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இறக்கி வைக்க இடமில்லை.