கட்டிலை அறுத்துச் செய்த கேரியர்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் தெம்பாக இருக்க வேண்டும்.

இறக்கத்தில் தேய்ந்த பிரேக் கட்டை பிடிக்காமல், விற்கக் கட்டியிருந்த குடம் வாளியோடு சைக்கிள் சரிந்தது. முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. பாத்திரக்கடை முதலாளி பார்த்துச் சிரித்தான். "அண்ணே, பேசாம என் கடைக்கே கூலிக்கு வந்துடுங்க."

விடுவேனா? பிரேக் கட்டை, செயின் இரண்டையும் மாற்றினேன். நான் படுக்கும் இரும்புக் கட்டிலை அறுத்துப் பின்சக்கரத்தின் இருபுறமும் கேரியர் பற்றவைத்தேன். சரக்கு இரட்டிப்பாக ஏறுகிறது.

"இனிமே எங்க படுப்பீங்க?" என்றான் அந்த முதலாளி.

"தரை என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்றேன். இன்று அவன் கடை வாசலிலேயே மணியடித்து விற்றேன்.

கயிறு வழுக்குகிறது. உன் பழைய புடவை இரண்டு அனுப்பு. சரக்குக் கட்ட ஒன்று போதும். மற்றதைத் துவைக்காமல் அனுப்பு.

கடிதம் கொண்டுவருபவர் செருப்பை மாட்டிவிட்டார்.

உன் வீட்டுக்காரன்